முதலாளி எம்.பி. ஆன பிறகு

இப்போதெல்லாம் எம்.பி.க்களை எப்படிப் பேச வைப்பது, எப்படி நிற்க வைப்பது, எங்கே அழ வைப்பது என்று சொல்லிக் கொடுக்கவே கம்பெனிகள் வந்துவிட்டன. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அப்படியொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "ஆன்ட்டி, நீங்க எம்.பி. ஆபீஸ்ல இருந்தவங்களாச்சே, அவங்ககிட்ட எப்படி வேலை பாக்கறதுன்னு நாலு டிப்ஸ் குடுங்களேன்" என்றாள். டிப்ஸ் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். "இதை எழுதுங்க ஆன்ட்டி" என்றாள். எழுதுகிறேன். முதலாளியின் பெயரைக் கோதண்டபாணி என்று வைத்துக்கொள்வோம். கட்சிப் பெயர் வேண்டாம். அதை அவரே அடிக்கடி மாற்றிக்கொண்டவர்.

நான் வியாசர்பாடிக்காரி. அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் முடித்த கையோடு, தம்புச் செட்டித் தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கி வெளியே எடுத்துத் தரும் தொழில். கோதண்டபாணி அப்போது ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு பழைய லாரி வைத்திருந்த இளைஞர். காலடிப்பேட்டையில் பிறந்தவர். அந்த லாரியும் அவருடைய அப்பா ஓட்டியதுதான்.

சேர்ந்த வாரமே எனக்கு ஒரு பாடம் நடந்தது. போன் அடித்தது. எடுத்து, "இன்னா சார் வோணும்?" என்றேன். முதலாளி என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். பேசி முடித்து வைத்ததும், "இது ஆபீஸ்மா, மீன் மார்க்கெட் இல்ல. இந்தக் கலீஜ் பாஷைய வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வா" என்றார். கலீஜ் என்பதும் அதே பாஷையின் வார்த்தைதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் கழற்றிப் போட்டேன். வயிற்றுப்பாடு. பிறகு பணிக்காலம் முழுக்க நான் ஆபீசில் செய்தி வாசிப்பவள் மாதிரித்தான் பேசினேன்.

அவர் வளர்ந்தார். ஒரு லாரி பல டிரெய்லர்களாயிற்று. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு, திருவொற்றியூரில் இன்னொன்று. உழைப்பாளி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய உழைப்பெல்லாம் ஒரே திசையில் போனது: தன் தலையில் இருக்கும் சுமையை எப்படி அடுத்தவன் தலைக்கு மாற்றுவது. டிரெய்லர் பஞ்சர் ஆனால் டிரைவர் பொறுப்பு. சரக்கு தாமதமானால் துறைமுகம் பொறுப்பு. யார்டில் இடம் போதவில்லையா? வண்டியை ரோட்டில் நிறுத்து, அது அரசாங்கத்தின் ரோடு.

பணம் சேர்ந்த பிறகு அவருக்கு மரியாதை வேண்டியிருந்தது. மரியாதையை வாடகைக்கு எடுக்க முடியாது, தேர்தலில் நின்றால் மொத்தமாகவே வாங்கிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்சி சீட்டும் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை; படிப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

வேட்புமனு கொடுத்த வாரத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "தமயந்தி, நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்க? கொஞ்சம் பேசிக் காட்டுங்க."

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு சார்?"

"பிரசாரத்துல அப்படிப் பேசணும்னு மேலிடத்துல சொல்றாங்க. எனக்கு டச் விட்டுப் போச்சு. இந்த 'கீது' எங்க வரும், 'கீறாரு' எங்க வரும்?"

அவருடைய அப்பா லாரியில் உட்கார்ந்து பேசிய பாஷை. அதை நான் சொல்லிக் கொடுத்தேன்: இருக்கிறது என்பதற்குக் 'கீது', மரியாதையாக இருக்கிறார் என்பதற்குக் 'கீறாரு'. வகுப்பில் அவர் மட்டமான மாணவர். காசிமேட்டில் முதல் நாள் பிரசாரத்தில், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தோளில் கைபோட்டு, "இன்னா நைனா, கடல்ல மீனு நல்லா கீறாரா?" என்றார். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் சார் இப்டி பேசற, பல்லு வலியா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோதண்டபாணியும் சிரித்தார். மறுநாள் அந்தச் சிரிப்புதான் போஸ்டரில் வந்தது: 'மக்களோடு மக்களாக.'

அதே வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அத்தனை வருட வேலையில் அவர் எங்கள் வாசலை மிதித்தது அன்றுதான். கூடத்தில் இருந்த புத்தர் படத்தைக் கும்பிட்டார். அம்மா டீ கொடுத்தாள். டம்ளரை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டோகிராபரைப் பார்த்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. டம்ளர் அப்படியே கீழே வந்தது. அவர் போன பிறகு அம்மா அதை எடுத்துப் பார்த்தாள். டீயில் படிந்த ஆடைகூடக் கலையவில்லை. "பெரிய மனுசன் வந்தாரு, டீய பாத்துட்டுப் பூட்டாரு" என்றாள்.

ஜெயித்தார். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் தொகுதி அலுவலகம் திறந்தார்கள். என்னைக் கம்பெனி ஆபீசிலிருந்து அங்கே மாற்றினார். தனி உதவியாளர் என்று பெயர்.

அவர் மனு வாங்கும் முறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். கைக்குழந்தைக்காரி வந்தாலும் எழுவார். "எம்.பி. எவ்ளோ பணிவு பாரு" என்று ஊரே பேசியது. விஷயம் வேறு. அவர் நின்றால் வந்தவரும் உட்கார முடியாது. உட்காராதவர் நீட்டிப் பேச மாட்டார். மனுவை இரண்டு கையாலும் வாங்குவார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், தோளைத் தொட்டு மெதுவாகக் கதவுப் பக்கம் திருப்புவார். திரும்பியவருக்குத் தான் திருப்பப்பட்டதே தெரியாது. வெளியே போய்ச் செருப்பு மாட்டும்போதுதான், பேச வந்ததில் பாதியைப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அவருடைய சொற்களுக்கு நான் ஒரு அகராதியே மனத்தில் வைத்திருந்தேன். 'பண்ணிடலாம்' என்றால் நடக்காது. 'பேசிட்டேன்' என்றால் இனிமேல்தான் யாரிடம் பேசுவது என்று யோசிக்க வேண்டும். 'நம்ம வூட்டு விஷயம்' என்றால் அதைப் பற்றி மறுபடி வாயைத் திறக்காதே.

டெல்லியில் அவர் என்ன செய்தார் என்று கேட்பார்கள். கேள்வி கேட்டார். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விகளை டைப் அடித்தவள் நான். இறக்குமதி டயருக்கு வரி ஏன், டிரெய்லருக்குத் தகுதிச் சான்று ஏன் அடிக்கடி, துறைமுக வாசலில் கன்டெய்னருக்குத் தாமதக் கட்டணம் ஏன். அவருக்கு ஓட்டுப் போட்ட குப்பத்து ஜனங்கள் எல்லாரும் டிரெய்லர் வைத்திருப்பதாக அங்கே நினைத்திருப்பார்கள்.

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு சின்னக் குப்பம். அங்கே தேசப்பன் என்று ஒரு மீனவர். பாக்கியம் அவருடைய மனைவி. கூடையில் மீன் விற்பவள். ஒரு காலை, கடலிலிருந்து திரும்பிப் படகை மேலே ஏற்றும்போது தேசப்பனுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. வந்த வண்டியால் திரும்பிப் போக முடியவில்லை. அதற்குள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்து நின்றன. முன்னால் வண்டி, பின்னால் வண்டி, நடுவில் சைரன். சைரனுக்கு வழி விட நினைத்தாலும் எந்த டிரைவராலும் ஒரு முழம்கூட நகர முடியாது. கடைசியில் தேசப்பனை ஸ்ட்ரெச்சரோடு தூக்கி, டிரெய்லர்களுக்கு நடுவே தோளில் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறார்கள். சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆம்புலன்சுக்கு நேர் முன்னால் நின்ற வண்டி எங்கள் கம்பெனியுடையது. அதன் டிரைவர் இறங்கி வந்து, பாக்கியத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதானாம்.

மறுநாள் குப்பமே சாலையில் உட்கார்ந்தது. எம்.பி. போனார். நானும் கூடப் போனேன். காரில் போகும்போது, "இறந்தவர் பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். இறங்குவதற்குள் மறுபடி ஒருமுறை கேட்டார். இறங்கியதும் நேரே போய்ப் பெண்களுக்கு நடுவில், கைக்குட்டையை விரித்துத் தார்ச்சாலையில் உட்கார்ந்தார். "தேசப்பன் எனக்குத் தம்பிம்மா" என்றார்.

பாக்கியம் அழவில்லை. அழுது முடித்த முகம். "எங்களுக்கு வேற ஒண்ணும் வோணாம் சார். ஒரு ஓரம் வுடு. ஒரே ஓரம். ஆம்புலன்ஸ் போற மாரி. மீதி ரோட்ட நீயே வச்சிக்க" என்றாள்.

"டெல்லியில பேசறேன்மா. தேசப்பன் பேரச் சொல்லிப் பேசறேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவள் நம்பினாள். அன்று நானும் நம்பினேன். ஒரு சாவைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் மனம் இளகத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

பேச்சை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பூஜ்ஜிய நேரம் என்று சபையில் ஒரு நேரம் உண்டு. அவசரமான விஷயத்தை உறுப்பினர் அப்போது எழுப்பலாம். காலையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும் சில நிமிடம்தான். சபாநாயகர் மணி அடிப்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதனால் நான் மூன்று விஷயம் மட்டும் எழுதினேன். சாலையில் ஒரு ஓரம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். துறைமுக வாசலில் சோதனை வேகமாக நடக்க வேண்டும். முறை வந்து கூப்பிடும்வரை டிரெய்லர்கள் அவரவர் யார்டுக்குள்ளேயே நிற்க வேண்டும்.

மூன்றாவதைப் படித்ததும் முதலாளிக்குப் புருவம் ஏறியது. அவரவர் யார்டு என்றால் அவருடைய யார்டும்தான். வண்டி நிற்கும் இடத்தில் கன்டெய்னரை அடுக்கினால் வாடகை வரும். "இது டெக்னிக்கல் மேட்டர், அங்க புரியாது. குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் பேசிய நாளில் தொகுதி அலுவலகத்தில் கூட்டம். குப்பத்துப் பெண்கள், அன்றைக்கு மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு, டி.வி. பார்க்க வந்திருந்தார்கள். நான் நாற்காலி போட்டும் பாக்கியம் உட்காரவில்லை. டி.வி.க்கு நேராக நின்றுகொண்டாள்.

அவர் எழுந்தார். தமிழில் பேசினார். "என் தம்பி தேசப்பன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். ஆம்புலன்ஸ், சைரன், தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம் சொன்னார். நன்றாகவே சொன்னார். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெண் கைதட்டினாள். பிறகு சொன்னார்: "எனவே, குப்பத்தை ஒட்டிக் கடற்கரையில் பயன்படாமல் கிடக்கும் நிலத்தில் கனரக வாகன நிறுத்துமிடம் ஒன்றை, தனியார் பங்களிப்போடு, உடனே அமைக்க வேண்டும்." மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஓரம் விடுவதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

கைதட்டியவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். "எந்த எடம் மேடம் சும்மா கெடக்குதுன்னு சொல்றாரு?"

அவளே சொன்னாள். "கோயிலாண்ட கீற மணலா? அங்க நாங்க வல காய வைக்கறோம், மீனு காய வைக்கறோம். அங்கதான் மேடம் அவர கடேசியா படுக்க வச்சோம். சும்மாவா கெடக்குது?"

கைதட்டல் நின்றது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். தேரடி பஸ் ஸ்டாப்வரை அவர்கள் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

டெல்லியிலிருந்து வந்தவருக்கு விமான நிலையத்தில் மாலை, மேளம். மாலைகளைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது கேட்டேன். "சார், அந்த இடம் காலியா இல்லையே. அவங்க புழங்கற இடமாச்சே."

அவர் கோபப்படவில்லை. எம்.பி. ஆன பிறகு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மாலையிலிருந்து ஒட்டிய ரோஜா இதழைச் சட்டையிலிருந்து எடுத்துக்கொண்டே, "மேப்புல காலியாத்தான் இருக்கு தமயந்தி" என்றார்.

அந்த நொடியில் அவர்மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதை போயிற்று. ஒரு மனிதனுடைய சாவை வாங்கி, ஒரு ஊரின் மணலுக்கு அதை விலையாகக் கொடுக்கிறார். அது தவறு என்று உறுத்தியிருந்தால் முகத்தில் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். இதழை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட திட்டத்துக்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் போலீஸ். எங்கள் யார்டு ஆட்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து முன்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். கையில் பிரியாணிப் பொட்டலம். பின்னால் குப்பத்து ஜனம். எம்.பி. வரவில்லை. பதில் பேசக்கூடிய ஆட்கள் இருக்கும் இடத்துக்கு அவர் வருவதில்லை. தன் செய்தியை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தார்.

வாசித்தேன். 'என் தம்பி தேசப்பன்' என்ற இடத்தில் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. முடித்தேன். மைக்கை விட்டு நகர்ந்திருக்கலாம். தாளை மடித்துவிட்டு அங்கேயே நின்றேன். "இது எம்.பி. சொன்னது. படிக்கச் சொன்னாரு, படிச்சிட்டேன். இனிமே நான் பேசறேன்" என்றேன். பிறகு என்னை அறியாமலேயே, வாசலில் கழற்றிப் போட்ட பாஷை வாயில் வந்தது. "நான் போய்ப் பாத்துகினு வந்தேன் சார். அந்த எடம் சும்மா இல்ல. வல கீது, படகு கீது, ஜனம் கீது. அவங்க கேட்டது ரோட்ல ஒரு ஓரம். எடத்த யாரும் கேக்கல. அத்த எழுதிக்கோங்க."

யார்டு மேனேஜர் ஓடி வந்து மைக்கின் மேல் கையை வைத்தார். "மேடம், போதும் மேடம், பேஜாரு பண்ணாதீங்க." நான் இறங்கிவிட்டேன். அடுத்து பாக்கியம் ஏறினாள். அவளை அவரால் இறக்க முடியவில்லை. அவள் பேசியது நான் பேசியதைவிடச் சின்னது. "என் புருசன் பேர எம்.பி. வாயிலேர்ந்து எடுங்க. அது போதும்." மேடையிலிருந்த அதிகாரி, "பதிவு செய்துகொள்கிறோம்" என்றார். எல்லாருக்கும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். எனக்கும் எழுந்து நின்றார். "ரொம்ப நாளா அலையறீங்க தமயந்தி, உங்களுக்கு ரெஸ்ட் வேணும்" என்று தோளைத் தொட்டுக் கதவுப் பக்கம் திருப்பினார். மணலி யார்டில் லாரி எடை போடும் இடத்தில், தகரக் கொட்டகைக்குள் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். நிஜமாகவே அங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது. எடைபோடும் மேடையில் ஏறிய லாரி எதுவும் யாரையும் 'என் தம்பி' என்று சொல்லவில்லை.

நிறுத்துமிடம் வரவில்லை. நானும் பாக்கியமும் பேசியதால் நின்றது என்று பெருமையடிக்க எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது கோதண்டபாணியா, இன்னொரு கன்டெய்னர் முதலாளியா என்று மேலே இழுபறி வந்து, கோப்பு எங்கோ படுத்துவிட்டது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. கல்குவாரி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்தது. இவர் ஒரே வாரத்தில் தோளில் போடும் துண்டின் நிறத்தை மாற்றிக்கொண்டார்.

சாலையில் ஓரம் கிடைத்தது. அது டெல்லியிலிருந்து வரவில்லை. குப்பத்துப் பெண்கள், ஓட்டை விழுந்து ஒதுக்கிய பழைய பைபர் படகுகளை இழுத்துவந்து சாலையின் ஒரு ஓரமாக வரிசையாகப் போட்டார்கள். டிரெய்லர் அந்தப் பக்கம் ஒதுங்க முடியவில்லை. போலீஸ் படகுகளை அகற்றியது. இவர்கள் மறுபடி போட்டார்கள். மறுபடி அகற்றியது, மறுபடி போட்டார்கள். ஒரு பெண்ணைப் பிடித்துப் போய் ஸ்டேஷனில் உட்காரவைத்தால், அவளோடு போய் உட்கார மீதிப் பெண்கள் கிளம்பினார்கள். கடைசியில் சலித்துப்போன போலீசே இரும்புத் தடுப்புகளைக் கொண்டுவந்து போட்டு, ஆம்புலன்ஸ் போகும் அளவுக்கு வழி பிரித்துக் கொடுத்தது. இன்றும் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

அந்த வழி வந்த சில நாளில் அங்கே ஒரு பெரிய பிளெக்ஸ் முளைத்தது. 'உயிர்காக்கும் பாதை தந்த உத்தமரே!' கீழே கோதண்டபாணி, முழு உயரத்தில், கைகூப்பி, புதுத் துண்டோடு. தந்தவர் யார் என்று தெரிந்த ஜனங்கள் அதைத் தாண்டித்தான் தினமும் போனார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் நெத்திலி வாங்க அந்தப் பக்கம் போனேன். பிளெக்ஸைக் காணோம். பாக்கியம் கோயில் பக்கத்து மணலில் குந்தி, நெத்திலியைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். மணலின்மேல் விரித்திருந்த தார்ப்பாயைப் பார்த்தேன். தார்ப்பாய் இல்லை. எம்.பி. மல்லாந்து படுத்திருந்தார். கூப்பிய கையெல்லாம் மீன்.

"இன்னா பாக்கியம் இது?" என்றேன்.

"காத்துல உய்ந்துச்சி மேடம். எடுத்துகினு வந்துட்டோம்" என்றாள். "ஷீட்டு நல்லா கீது, மண்ணு ஒட்டல. அவரு ஆளுங்க வந்து, மூஞ்சி மேலயாவது போடாதம்மான்னு கெஞ்சினானுங்க."

"நீ இன்னா சொன்ன?"

ஒரு கை நெத்திலியை அள்ளி நெற்றியிலிருந்து மோவாய்வரை பரப்பினாள்.

"இங்கதான்டா வெயிலு நல்லா பட்துன்னேன்."